பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள்: மண்ணுக்குக் கீழும் நடு இடைவெளியிலும்

கேட்கப்பட்டவை மூன்று. கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் கோபுரங்கள் சாய்ந்துவிடாமல் நடுவிலுள்ள பாலம்தான் பிடித்துக்கொண்டிருக்கிறதா? ஒரே கட்டடமாகக் கட்டாமல் ஏன் இரண்டாகக் கட்டினார்கள்? உலகின் மிக உயரமான கட்டடம் என்ற பெயர் இன்னும் அவற்றுக்கு உண்டா?

முதல் கேள்விக்கும் மூன்றாவதற்கும் ஒரு சொல்லில் விடை உண்டு: இல்லை. பாலம் கோபுரங்களைத் தாங்கவில்லை. உண்மையில் கோபுரங்களோடு அது இறுகப் பிணைக்கப்படவே இல்லை. உயரப் பட்டமும் கைமாறி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் இந்தக் கட்டடங்களைப் பற்றிப் பேசும்போது உயரத்தையே முதலில் பேசுவது எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை. அவற்றில் படித்தறியத் தக்கவை பெரும்பாலும் தரைக்கு அடியிலும் இரண்டு கோபுரங்களுக்கு நடுவிலும்தான் இருக்கின்றன. ஆகவே கேள்விகளின் வரிசையை மாற்றிக்கொண்டு, நிலத்திலிருந்து தொடங்குகிறேன்.

இன்று கேஎல்சிசி (கோலாலம்பூர் நகர மையம்) என்று அழைக்கப்படும், கோபுரங்கள் நிற்கும் அந்த வளாகம், ஏறத்தாழ நூறு ஏக்கர் பரப்புள்ள குதிரைப் பந்தயத் திடலாக இருந்தது. 1896இல் தொடங்கப்பட்ட சிலாங்கூர் டர்ஃப் கிளப்பின் திடல் அது. நகரம் அம்பாங் சாலை வழியே வளர்ந்து திடலைச் சூழ்ந்துகொண்டபின், பந்தய நாள்களில் போக்குவரத்து திணறத் தொடங்கியது. பந்தயத்தை நகருக்கு வெளியே அனுப்பிவிட்டு அந்நிலத்தில் புதிய நகர மையம் ஒன்றை எழுப்பும் எண்ணம் 1980களில் உருப்பெற்றது. அந்தத் திட்டத்தை முன்னெடுத்தவர்களில் முதன்மையானவர் தொழிலதிபர் டி. ஆனந்த கிருஷ்ணன். யாழ்ப்பாணத் தமிழ் வம்சாவளியில் வந்து, கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் பிறந்து வளர்ந்த அவர், 2024 நவம்பரில் காலமானார். அவருடைய மேக்சிஸ் நிறுவனத்தின் கோபுரமும் இரட்டைக் கோபுரங்களுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. புகைப்படங்களில் அதைக் கவனிப்பவர்கள் குறைவு. பிரதமர் மகாதீர் முகமது திட்டத்தை ஏற்றுக்கொண்டதும், 1974இல் நிறுவப்பட்ட அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் அதன் முதன்மை உரிமையாளராகவும் கோபுரங்களின் முதன்மைக் குடியிருப்பாளராகவும் ஆனது. மொத்த நிலத்தில் ஏறத்தாழ பாதியைப் பொதுப் பூங்காவாக விட்டார்கள். அதை வடிவமைத்தவர் பிரேசிலின் புகழ்பெற்ற நிலவடிவக் கலைஞர் ரொபர்ட்டோ பர்லே மார்க்ஸ்; 1994இல் மறைந்த அவருடைய கடைசிப் பணிகளுள் ஒன்று இது.

கோபுரங்களுக்கான வடிவமைப்புப் போட்டி 1991இல் நடந்தது. மலேசியா 2020க்குள் வளர்ந்த நாடாக வேண்டும் என்ற இலக்கை மகாதீர் அறிவித்ததும் அதே ஆண்டில்தான். அர்ஜென்டினாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கட்டடக் கலைஞர் செசார் பெல்லி போட்டியில் வென்றார். கட்டடம் மலேசியாவுக்கு உரியதாகத் தோன்ற வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட முக்கிய நிபந்தனை. ஆனால் வெப்பமண்டல நாடு ஒன்றின் வானளாவிய கட்டடத்துக்கு முன்மாதிரியாகக் கொள்ள மரபில் எதுவும் கிடையாது. எனவே அவர் பழைய கட்டடங்களின் தோற்றத்தைப் போலச் செய்யாமல், இஸ்லாமியக் கலையின் வடிவக் கணிதத்தை அடிப்படையாக எடுத்துக்கொண்டார்.

ஒரு சதுரத்தின் மேல் அதே அளவுள்ள மற்றொரு சதுரத்தை நாற்பத்தைந்து பாகை திருப்பி வைத்தால் எட்டு முனை நட்சத்திரம் கிடைக்கும். கோலம் போடுகிறவர்களுக்கு இது புதிதன்று. பெல்லியின் முதல் வரைவு பன்னிரு முனை நட்சத்திரமாக இருந்தது என்றும், மகாதீரின் யோசனைக்குப் பிறகே எட்டு முனையானது என்றும் சொல்லப்படுகிறது. எட்டு முனையை அப்படியே சுவராக எழுப்பினால், முனைகளுக்கு இடையிலுள்ள உள்மடிப்புகளில் அலுவலகத்துக்குரிய இடம் வீணாகும். அதைத் தவிர்க்க ஒவ்வோர் உள்மடிப்பிலும் ஓர் அரைவட்ட வளைவைப் பொருத்தினார். ஆகவே மேலிருந்து பார்த்தால் எட்டுக் கூர்முனைகளும் எட்டு வளைவுகளும் மாறி மாறி வரும். முனையும் வளைவும் சந்திக்கும் இடங்கள் பதினாறு. அந்தப் பதினாறு இடங்களில்தான் கோபுரத்தின் வெளித்தூண்கள் பதினாறும் நிற்கின்றன. அலங்காரமாகத் தோன்றும் வரைவே சுமை இறங்கும் வழியையும் முடிவு செய்கிறது என்பதே இந்தத் திட்டத்தின் அழகு என்று நான் கருதுகிறேன். மேலே செல்லச் செல்லக் கோபுரம் ஐந்து படிகளாக உள்வாங்கிக் குறுகுகிறது. அந்த ஐந்தையும் இஸ்லாத்தின் ஐந்து கடமைகளோடு ஒப்பிட்டுக் கூறுவோர் உண்டு.

ஏன் இரண்டு என்ற கேள்விக்கு இங்கேதான் வருகிறோம். இரட்டைக் கோபுரம் என்பது 1990களில் புதிய எண்ணம் அல்ல. நியூயார்க்கின் உலக வர்த்தக மையக் கோபுரங்கள் அப்போது கால் நூற்றாண்டுக்கு அருகான வயதுடையவை. ஆனால் அவை எதிரெதிரே நின்றவை அல்ல. ஒன்றின் மூலைக்கு நேராக மற்றொன்றின் மூலை வருமாறு குறுக்காக வைக்கப்பட்டிருந்தன. பார்ப்பவர் நகர நகர அவற்றின் இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். பெல்லி இதற்கு நேர்மாறாகச் செய்தார். ஒரு நடுக்கோட்டின் இருபுறமும் கண்ணாடிப் பிம்பம் போல இரண்டு கோபுரங்களை நிறுத்தி, நடுவிலுள்ள வெற்றிடத்துக்கு ஒரு தெளிவான வடிவத்தைக் கொடுத்தார். பாத்திரத்தின் பயன் அதன் உள்ளிருக்கும் வெற்றிடத்தில்தான் என்ற சீன ஞானி லாவோட்சுவின் கருத்தை இதற்கு விளக்கமாக அவர் எடுத்துக்காட்டியதுண்டு. இரு கோபுரங்களும் மேலே குறுகுவதால் அந்த வெற்றிடம் மேலே விரிகிறது. பாலம் அதன் குறுக்கே படியும்போது, அது வானத்தை நோக்கித் திறந்த ஒரு வாயிலாகிவிடுகிறது. ஒரே கோபுரமாக இருந்திருந்தால், எவ்வளவு உயர்த்தியிருந்தாலும், இது கிடைத்திருக்காது.

இனி மண்ணுக்குக் கீழே. கோலாலம்பூரின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறையின் மேல் இருக்கிறது. நகரின் வடக்கே பத்துமலையில் முருகன் கோயிலைத் தன் குகைக்குள் வைத்திருக்கிறதே, அதே பாறைத் தொகுதிதான். பத்துமலையில் அது தரைக்கு மேலே எழுந்து நிற்பதால் குகைகளைக் கண்ணால் காண்கிறோம்; நகரத்தின் அடியில் அவை மண்ணால் மூடப்பட்டிருக்கின்றன. மழைநீர் பல கோடி ஆண்டுகளாகச் சுண்ணாம்பைக் கரைத்து உண்டாக்கிய பொந்துகளும் செங்குத்துச் சரிவுகளும் தரைக்குக் கீழே எங்கே இருக்கின்றன என்பதைத் துளையிட்டுப் பார்த்தால்தான் அறிய முடியும்.

பந்தயத் திடலில் துளையிட்டுப் பார்த்தபோது கெட்ட செய்தி வந்தது. முதலில் குறிக்கப்பட்ட இடத்தில், ஒருபுறம் பாறை மேலே எழுந்தும் மறுபுறம் மிக ஆழத்தில் சரிந்தும் இருந்தது. ஒரு பக்கம் பாறையிலும் மறுபக்கம் மண்ணிலும் ஊன்றும் கட்டடம் சமமாக அமிழாது. மண் இருக்கும் பக்கம் கூடுதலாக இறங்க, கோபுரம் சாயும். இத்தாலியில் பீசா நகரக் கோபுரம் எட்டு நூற்றாண்டுகளாகக் காட்டிவருவது இதைப் போன்ற சமமற்ற அமிழ்தலைத்தான். பொறியாளர்கள் எடுத்த முடிவு சற்று வியப்பூட்டுவது: பாறையைத் தேடிப் போகாமல், பாறையை விட்டு விலகினார்கள். கோபுரங்களின் இடம் ஏறத்தாழ 60 மீட்டர் நகர்த்தப்பட்டது. புதிய இடத்தில் பாறை எல்லாப் பக்கமும் ஆழத்தில் இருந்தது. அதற்கு மேல் தடித்த மண்படலம் இருந்தது.

பாறையைத் தொடாமல் கோபுரம் எப்படி நிற்கும்? சேற்றில் ஆழமாகச் செருகிய கம்பைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு இதன் விடை தெரியும். கம்பின் அடிமுனை எதன் மேலும் ஊன்றியிருப்பதில்லை; அதன் பக்கங்களைச் சேறு பற்றிக்கொள்வதுதான் அதை நிறுத்துகிறது. இங்கும் ஒவ்வொரு கோபுரத்தின் கீழும் 104 கான்கிரீட் பைல்கள், அதாவது மண்ணுக்குள் இறங்கும் நீண்ட தூண்கள், 60 மீட்டர் முதல் 114 மீட்டர் வரை ஆழத்துக்கு இறக்கப்பட்டன. பாறையின் சரிவுக்கு ஏற்ப அவற்றின் நீளத்தை இடத்துக்கு இடம் மாற்றினார்கள்; கோபுரம் கொஞ்சம் இறங்கினாலும் எல்லாப் பக்கமும் சமமாக இறங்க வேண்டும் என்பதே நோக்கம். பாறையில் தென்பட்ட பொந்துகளில் சிமெண்ட் கலவை செலுத்தி நிரப்பப்பட்டது. பைல்களின் தலையில் 4.5 மீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் மேடை வைக்கப்பட்டது. அதற்கு ஏறத்தாழ 13,200 கன மீட்டர் கான்கிரீட் தேவைப்பட்டது. நடுவில் நிறுத்தினால் மேடை ஒரே கல்லாக இறுகாது என்பதால், 54 மணி நேரம் இரவு பகலாக லாரிகள் வந்துகொண்டே இருந்தன. நகரத்தின் மேலே எதுவும் தெரியத் தொடங்கும் முன்பே, மிகக் கடினமான பகுதி முடிந்துவிட்டிருந்தது.

அகழ்வு வேலை 1993 மார்ச்சில் தொடங்கியது. மேற்கட்டுமானம் 1994இல் எழத் தொடங்கியபோது, அதுவரை உயரத்தில் முன்னின்ற அமெரிக்கக் கட்டடங்களிலிருந்து இது ஒரு முக்கிய வகையில் வேறுபட்டது. அவை எஃகுச் சட்டகங்கள். மலேசியாவில் அத்தகைய எஃகை இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது. கான்கிரீட் வேலையோ உள்ளூர்ப் பணியாளர்களுக்குக் கைவந்த கலை. எனவே நடுவில் தண்டு போன்ற ஒரு சதுரமான கான்கிரீட் கருப்பகுதி, வெளியே பதினாறு கான்கிரீட் தூண்கள், அவற்றை வளையமாக இணைக்கும் உத்தரங்கள் என்று அமைத்தார்கள். தளங்களுக்கு மட்டும், வேலை விரைந்து நடக்க, எஃகு உத்தரங்களைப் பயன்படுத்தினார்கள். அடித்தளத்தில் தூண்களின் விட்டம் 2.4 மீட்டர். கான்கிரீட் கட்டடம் அதே அளவுள்ள எஃகுக் கட்டடத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு கனம் என்பது குறைதான். ஆனால் அந்தக் கனமே காற்றில் ஆடும் ஆட்டத்தை அடக்குகிறது. உச்சி மாடியில் அமர்ந்து வேலை செய்கிறவருக்குத் தலைசுற்றாமல் இருப்பது இதனால்தான்.

சாதாரணக் கான்கிரீட்டைவிட இரண்டு மூன்று மடங்கு வலுவுள்ள கலவை கீழ்ப்பகுதிக்குத் தேவைப்பட்டது. அதைக் கலப்பதில் சிறு பிழையும் பொறுக்காது. ஒரு கட்டத்தில் மாதிரிச் சோதனையில் கலவை தேறாமல் போக, வேலை நிறுத்தப்பட்டு, மோசமான கலவை ஊற்றப்பட்டிருந்த தளம் இடிக்கப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு முறையும் கலவையைச் சோதித்த பிறகே ஊற்றினார்கள்.

கட்டும் பணியையும் இரண்டாகப் பிரித்தது மலேசியர்களின் சாமர்த்தியம். முதல் கோபுரம் ஜப்பானின் ஹசாமா தலைமையிலான கூட்டமைப்புக்கும், இரண்டாவது தென்கொரியாவின் சாம்சங் தலைமையிலான கூட்டமைப்புக்கும் தரப்பட்டன. ஒரே வரைபடம், ஒரே நிலம், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாட்டார். போட்டி எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏறத்தாழ ஒரு மாதம் பிந்தித் தொடங்கிய கொரியர்கள் உச்சியை முதலில் தொட்டார்கள்.

இப்போது பாலம். 41, 42ஆம் மாடிகளில், தரையிலிருந்து 170 மீட்டர் உயரத்தில், 58 மீட்டர் நீளமும் சுமார் 750 டன் எடையும் கொண்ட ஈரடுக்குப் பாலம் அது. உறுப்புகள் கொரியாவில் செய்யப்பட்டு, கோலாலம்பூரில் தரையிலேயே இணைக்கப்பட்டு, 1995இல் மேலே தூக்கி நிறுத்தப்பட்டன. இரண்டு கோபுரங்களும் காற்றில் தனித்தனியே ஆடுகின்றன. ஒரு கணத்தில் இரண்டும் ஒரே திசையில் சாயலாம். மறுகணம் ஒன்றை நோக்கி ஒன்று நெருங்கலாம், அல்லது விலகலாம். இவற்றை ஒரு பாலத்தால் இறுகக் கட்டினால், ஆடும் விசை முழுவதும் பாலத்தில் இறங்கி அதைக் கிழித்துவிடும், அல்லது கோபுரச் சுவரைப் பெயர்த்துவிடும். அதனால் பாலத்தின் இரு முனைகளும் கோபுரங்களுக்குள் வழுக்கி நகரும் தாங்கிகளின் மேல் வைக்கப்பட்டுள்ளன. கோபுரம் விலகினால் முனை சற்று வெளியே வரும். நெருங்கினால் உள்ளே செல்லும்.

அப்படியானால் பாலத்தின் எடையை யார் சுமக்கிறார்கள்? இரு கோபுரங்களிலும் 29ஆம் மாடியளவில் தொடங்கி, கூரைமுகடு போலச் சாய்ந்து மேலேறிப் பாலத்தின் நடுப்புறத்தைத் தாங்கும் நீண்ட கால்கள்தான். கால்களின் அடியிலும் தலையிலும் திரும்பக்கூடிய மூட்டுகள் உள்ளன. கோபுரங்கள் எப்படி ஆடினாலும் கால்களின் சாய்வு அதற்கேற்ப மாறி, பாலத்தை எப்போதும் நடுவிலேயே வைத்திருக்கும். உள்ளீடற்ற நீண்ட குழாய்களான அந்தக் கால்கள் காற்றில் அதிரக்கூடும் என்பதால், அதிர்வைத் தணிக்கும் எடைகளும் அவற்றினுள் பொருத்தப்பட்டுள்ளன. ஆக, பாலம் கோபுரங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது தவறு. கோபுரங்கள் ஆடும்போது தான் உடையாமல் இருக்கக் கற்றுக்கொண்ட பாலம் அது.

பாலத்துக்கு இரண்டு பயன்கள் உண்டு. ஒன்று, கோபுரங்களுக்கு இடையே நடமாட்டம். 41, 42ஆம் மாடிகள் மின்தூக்கி மாறும் இடங்கள். மேல்மாடிகளுக்குச் செல்வோர் விரைவு மின்தூக்கியில் அங்கே வந்து, வேறொன்றுக்கு மாறுகிறார்கள். எல்லா மின்தூக்கிகளும் அடியிலிருந்து உச்சிவரை ஓடுமானால் அவற்றின் தண்டுகளே ஒவ்வொரு மாடியிலும் பெரும்பகுதியை விழுங்கிவிடும். முதன்மை மின்தூக்கிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பெட்டிகள் கொண்டவை. ஒன்று ஒற்றைப்படை மாடிகளிலும் மற்றொன்று இரட்டைப்படை மாடிகளிலும் ஒரே நேரத்தில் நிற்கும்.

மற்றொரு பயன் தீ போன்ற ஆபத்தின்போது ஒரு கோபுரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தப்பிச் செல்வது. இதற்கு ஒரு சோதனை வந்தது. நியூயார்க் தாக்குதலுக்கு மறுநாள், 2001 செப்டம்பர் 12 அன்று, வெடிகுண்டு மிரட்டலால் இரண்டு கோபுரங்களும் ஒருசேரக் காலிசெய்யப்பட்டன. மிரட்டல் பொய்யானது, ஆனால் திட்டத்தின் ஓட்டையை அது வெளிப்படுத்தியது. ஒன்று பாதுகாப்பாக இருந்தால்தானே மற்றொன்றிலிருந்து அங்கே ஓட முடியும்? இரண்டும் ஒருசேரக் காலியாக வேண்டுமென்றால் பாலத்தால் பயனில்லை, படிக்கட்டுகளும் போதவில்லை. அதன்பின் அத்தகைய நிலையில் மின்தூக்கிகளையும் பயன்படுத்துமாறு திட்டம் மாற்றப்பட்டு, 2005இல் ஒத்திகையும் பார்க்கப்பட்டது. ஆபத்தில் மின்தூக்கியைத் தொடாதே என்று படித்து வளர்ந்த நமக்கு இது விநோதமாகத் தோன்றலாம். எண்பத்தெட்டு மாடிகளுக்குக் கணக்கு வேறு.

வெளித்தோலைப் பற்றிச் சுருக்கமாக: கோபுரங்களின் மினுமினுப்பு கண்ணாடியால் மட்டும் வருவதன்று. நம் அடுக்களையில் எவர்சில்வர் என்று அழைக்கும் துருப்பிடிக்காத எஃகின் உறவுக்காரத் தகடுகள்தான் பெரும் பங்கு வகிக்கின்றன. ஒவ்வொரு மாடியின் சன்னல் வரிசைக்கும் மேலே கிடைமட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும் பட்டைகள் வெயிலை மறைக்கின்றன. பூமத்திய ரேகைக்கு அருகில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ தலைக்கு நேர் மேலே நிற்பதால், இந்தச் சிறு நிழற்பட்டையே நல்ல பயன் தருகிறது. வீட்டுச் சன்னலுக்கு மேல் நாம் வைக்கும் வெயில் மறைப்பின் அதே தத்துவம்தான்.

உயரம்: 451.9 மீட்டர். இதில் 73.5 மீட்டர் உச்சியிலுள்ள கூர்முனையினுடையது. போட்டி நடந்தபோது உலகிலேயே உயரமானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. அந்த ஆசை வடிவமைப்பு நடக்கும்போது வந்தது. 1996 மார்ச்சில் கூர்முனைகள் பொருத்தப்பட்டதும், சிகாகோவின் சியர்ஸ் கோபுரத்தைவிட ஏறத்தாழ 10 மீட்டர் உயரமாகிவிட்டன. சிகாகோவினர் ஒப்பவில்லை. தங்கள் கட்டடத்தின் கூரையே 442 மீட்டரில் இருக்கிறது, மக்கள் நடமாடும் கடைசி மாடியும் மலேசியக் கோபுரங்களில் உள்ளதைவிட உயரத்தில் இருக்கிறது, கூரையில் நிற்கும் ஆன்டெனாக்களைச் சேர்த்தால் இன்னும் உயரம் என்பது அவர்கள் வாதம். உயரமான கட்டடங்களுக்கான பன்னாட்டு மன்றம், கூர்முனை கட்டடக் கலையின் பகுதி என்றும் ஆன்டெனா பின்னர் பொருத்தப்படும் கருவி என்றும் பிரித்துப் பெட்ரோனாஸுக்குப் பட்டத்தை வழங்கியது. சச்சரவு ஓயாததால், அதே ஆண்டில் உயரத்தை நான்கு வகையாகப் பிரித்தது. மாடி உயரத்திலும் கூரை உயரத்திலும் சியர்ஸ் முன்னிலையில் இருந்தது. என் கருத்தில் சிகாகோவினரின் வாதத்தில் நியாயம் இருந்தது. இன்று உலகில் எழும் பல கட்டடங்கள் மனிதர் வாழாத வெற்றுக் கூர்முனையை நீட்டி உயரம் காட்டுவதற்கு அந்தத் தீர்ப்பு ஒரு வழியைத் திறந்துவிட்டது.

பெட்ரோனாஸ் ஊழியர்கள் 1997 தொடக்கத்தில் குடியேறத் தொடங்கினார்கள். அதே ஆண்டின் நடுவில் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. டாலருக்கு இரண்டரை ரிங்கிட் என்றிருந்த மதிப்பு, 1998 ஜனவரியில் நான்கரையைத் தாண்டிச் சரிந்தது. சுமார் 160 கோடி டாலர் செலவில் எழுந்த கோபுரங்கள் தேவையற்ற ஆடம்பரத்தின் சின்னம் என்று அப்போது உலகப் பத்திரிகைகள் எழுதின. அதிகாரப்பூர்வத் திறப்பு விழா 1999 ஆகஸ்டில்தான் நடந்தது. ஐந்தாண்டு கழித்து, 2004இல், இஸ்லாமியக் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தபோது, பேச்சின் சுருதி மாறியிருந்தது. கயிறு, கவசம் ஏதுமின்றிக் கட்டடங்களில் ஏறும் பிரெஞ்சுக்காரர் அலென் ரொபேருக்கு மட்டும் இந்தக் கோபுரங்கள் எளிதில் வசப்படவில்லை. 1997இலும் 2007இலும் அறுபதாம் மாடியில் பிடிபட்ட அவர், 2009இல்தான் உச்சியை அடைந்தார்.

மூன்றாவது கேள்வியின் மிச்சம். 2004இல் 508 மீட்டர் உயரத்துடன் தைபே 101 திறக்கப்பட்டதும் உலகப் பட்டம் போனது. கோலாலம்பூருக்குள்ளேயே மெர்டேக்கா 118 என்ற கட்டடம் 678.9 மீட்டர் உயரத்துக்கு எழுந்துவிட்டது. ஆனால் இரட்டைக் கட்டடங்கள் என்ற வகையில் பெட்ரோனாஸை மிஞ்சியது இதுவரை இல்லை. நியூயார்க்கின் அழிந்துபோன இணைகூட 417, 415 மீட்டர்தான். மிஞ்சும் முயற்சியும் பெரிதாக நடக்கவில்லை. ஒரே உயரத்துக்கு இரண்டு அடித்தளம், இரண்டு கருப்பகுதி, இரண்டு தொகுதி மின்தூக்கிகள் என்று இருமடங்கு செலவு செய்து, பட்டியலில் ஒற்றை இடத்தைப் பிடிக்க எந்த முதலீட்டாளரும் எளிதில் முன்வருவதில்லை.